ஏழாம் பக்கத்தில் நின்ற கப்பல்

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்தக் கப்பல் நிற்கவில்லை.

பிறந்தநாள் வீடுகளிலும் பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்திய வீடுகளிலும், சாப்பாடு முடிந்து ஆட்கள் சாய்ந்திருக்கும் நேரத்தில், கதிரையை நடுவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு நீங்கள் கொண்டுவருகிற கப்பலைத்தான் சொல்கிறேன். வடமராட்சியிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட பதினொரு பேர். என்ஜின் நின்றுபோன வள்ளம். மூன்று நாள் வெறும் கடல். பிறகு மலை மாதிரி ஒரு கப்பல் வந்து பக்கத்தில் நிற்கும். வெள்ளைத் தொப்பி போட்ட கப்டன் எட்டிப் பார்ப்பார். கயிற்றில் தண்ணீர் வாளி இறங்கும், பிஸ்கட் டின் இறங்கும். "எல்லாரும் தப்பீட்டம்" என்று முடித்து, கைகளை விரித்துக் காட்டுவீர்கள்.

திருகாணித் தொழிற்சாலையில் உங்கள் மேலாளருக்கும் இதையே சொன்னீர்கள், உங்கள் உடைந்த ஜெர்மனில். அவருக்கு அது எங்களைவிடப் பிடித்திருந்தது. எனக்கு ஆறு வயதில் அந்தக் கப்டனை வரைந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். எங்கள் வீட்டுச் சாமிப்படங்களுக்கு அடுத்தபடியாக நான் மதித்த முகம் அது.

நீங்கள் கண்மூடிய பிறகு, அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும் என்றார்கள். முப்பத்தோராம் நாள் சாப்பிட வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுகிற சிறிய புத்தகம், உங்கள் படத்தோடும் வாழ்க்கை வரலாற்றோடும். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையை இடையில் விடாமல் முடித்த ஒரே பிள்ளை என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஏழாம் பக்கம் முழுவதும் கப்பலுக்குக் கொடுத்தேன். "பதினொருவரும் உயிர் தப்பினர்" என்று எழுதினேன். இருநூறு பிரதிகள்.

வுப்பர்டாலில் அந்த மண்டபத்தில், ஆட்கள் மோர்மிளகாயும் வடையுமாக இருந்தபோது, டுசல்டோர்ஃப் குலம் மாமா புத்தகத்தை விரித்தபடியே என்னிடம் வந்தார். உங்களோடு அந்த வள்ளத்தில் வந்தவர்.

"பிள்ளை நிரோஜா, இது நீ எழுதினதோ?"

"ஓம் மாமா."

"வடிவா எழுதியிருக்கிறாய்." விரலை அந்த வரியில் வைத்தார். "என்ர தம்பி எங்க?"

எனக்கு விளங்கவில்லை. அவருக்குத் தம்பி இருந்ததே தெரியாது.

"பதினொரு பேர் ஏறினது சரி. பத்துப் பேர்தான் இறங்கினது. செல்வம் இறங்கேல்லை."

பிறகு கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றே சொல்லி முடித்தார், ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. இரண்டாம் நாள் கப்பல் வந்தது உண்மை. இரும்புத் தகட்டில் துருப்பிடித்த கறள் தெரியுமளவுக்குக் கிட்டே வந்தது. செம்மஞ்சள் உடுப்புப் போட்ட ஒருவன் மேல்தட்டு விளிம்புக்கு வந்து நின்றான். நீங்கள் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கழற்றி, உள்ளுடுப்போடு நின்று தலைக்கு மேலே விசுக்கினீர்கள். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனான். கப்பல் அப்படியே போனது. அது கடந்து போகும்போது செல்வம் பாய்ந்தார். பத்தொன்பது வயது, ஊரில் அவரை நீச்சலில் வெல்ல ஆளில்லையாம். கப்பலைப் பிடித்து நிறுத்திவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் உங்களைக் கண்டது நாகப்பட்டினத்து மீனவர்கள். தங்களுக்கென்று வைத்திருந்த சோற்றுப் பானையை உங்களிடம் தந்துவிட்டு, வலையைப் பாதியில் சுருட்டிக்கொண்டு, வள்ளத்தைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது அவர்கள்.

"ஏன் மாமா இவ்வளவு காலமும் ஒண்டும் சொல்லேல்லை?"

"உன்ர அப்பர் கதைக்கேக்க நான் வெளியில போயிடுவன். கதை காத்தோட போயிடும். இது அச்சில நிண்டிடும், பிள்ளை."

உண்மைதான். உங்கள் கதையில் கப்பல் வரும் நேரம் குலம் மாமா சிகரெட்டோடு வெளியே போய்விடுவார். "இவருக்குப் பத்தாமல் ஏலாது" என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். நீங்களும்கூடச் சிரித்தீர்கள், அப்பா. அதை எழுதத்தான் எனக்கு இப்போதும் கை கூசுகிறது.

உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் சின்னது இல்லை. செல்வத்தை மறைத்தது ஒன்று. அந்த மீனவர்களின் சோற்றை எடுத்து ஒரு வெள்ளைத் தொப்பிக்காரனின் கையில் கொடுத்தது இன்னொன்று. யாருக்காக அப்படிச் செய்தீர்கள்? அகதி விண்ணப்பம் கேட்ட அதிகாரிக்காகவா? மேலாளருக்காகவா? இந்த நாட்டில் நாங்கள் நன்றி சொல்லக்கூடிய ஒரே முகம் அதுதானா?

கேட்க நீங்கள் இல்லை. நான்கு மாதம் கழித்து நான் அட்லாண்டிக் கடலைக் கடக்கப் போனேன்.

உங்களைத் தேடிப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஹனோவரில் நான் மின்வேலை செய்கிறேன் அல்லவா, அங்கே ஹைகே என்றொருவர் தன் பாய்மரப்படகின் பற்றரிகளைத் திருத்தக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை, அறுபத்துநான்கு வயது. ஸ்டைன்ஹூட ஏரியில் எனக்குப் பாய் கட்டப் பழக்கியவரும் அவர்தான். அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் தேடினார்: பன்னிரண்டு மீற்றர் படகு, நான்கு பேர், வேலை செய்தால் படுக்கை இலவசம். ஆசை வந்தது, ஓம் என்றேன்.

அம்மா விடவில்லை. "வருசம் திரும்பேல்லை. திவசம் முடியாமல் கடல் கடக்கக் கூடாது."

"அப்பாவும் கடந்தவர்தானே."

"அவர் ஆசைக்கோ கடந்தவர்?"

பையைக் கட்டினேன். போய்விட்டேன்.

கானரித் தீவுகளிலிருந்து புறப்பட்டோம். ஹைகே, ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற யென்ஸ், டுசல்டோர்ஃபில் மென்பொருள் எழுதுகிற கோயம்புத்தூர் சரவணன், நான். முதல் இரண்டு நாளும் சரவணன் வாந்தி எடுத்தபடியே, "இதுக்கு லீவு போட்டு, காசு குடுத்து, ட்ரெயினிங் வேற எடுத்தேன் பாருங்க. என் மேனேஜருக்குத் தெரிஞ்சா புரொமோஷனே குடுத்திருவாரு, இவன் எதையும் தாங்குவான்னு" என்று புலம்பினார்.

மூன்றாம் நாள் கரை என்ற சொல்லே பொய்யாகிவிட்டது. அப்பா, கடல் தட்டையானது இல்லை. அது நடந்துகொண்டே இருக்கிற மலைநாடு. வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ள, ஒவ்வொரு அலையும் படகின் பின்பக்கத்தைத் தூக்கும். எதிரே பத்துக் கல் தொலைவு தெரியும். பிறகு பள்ளத்துக்குள் இறக்கும், சுற்றிவரத் தண்ணீர்ச் சுவர் மட்டும் தெரியும். காலடியில் நான்கு கிலோமீற்றர் ஆழம் என்று வரைபடம் காட்டியது. ஆழம் அளக்கும் கருவி அளக்க ஏலாமல் எப்போதோ கோடு போட்டுவிட்டது. ஒரு காலையில் படகைவிட நீளமான திமிங்கிலம் ஒன்று பக்கத்தில் வந்து மூச்சு விட்டது. அந்த மூச்சின் ஈரம் என் முகத்தில் பட்டது. நான் சத்தியமாகக் கும்பிட்டேன். கோயிலில் நீங்கள் எத்தனை தரம் தலையில் குட்டியும் ஒழுங்காகக் கும்பிடாதவள்.

அப்போதெல்லாம் ஒரே நினைப்புத்தான். எங்களிடம் வரைபடம் இருந்தது, செய்மதித் தொலைபேசி இருந்தது, இடுப்பில் பாதுகாப்புப் பட்டி இருந்தது. உங்களிடம் ஒரு சாரம் இருந்தது.

ஐந்தாம் நாள் பின்னேரம், காவல் முறை மாறும்போது, சரவணனிடம் ஏழாம் பக்கத்தின் கதையை முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுக்கானைத் திருத்திப் பிடித்தார்.

"உங்கப்பா சாரத்தைக் கழட்டின விஷயத்தை ஏங்க மறைச்சாரு? கதையில அதுதானே பெரிய விஷயம்" என்றார்.

எனக்கு அது அதுவரை தோன்றியதில்லை.

ஆறாம் நாள் விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். என் முறை. வலப்பக்கம் தூரத்தில் ஏதோ ஒன்று. பறவை என்று நினைத்தேன், பிறகு மரக்கட்டை என்று நினைத்தேன். அலை தூக்கினால் மூன்று விநாடி தெரியும், பிறகு பத்து விநாடி ஒன்றுமில்லை. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தபோது எங்கள் படகு அதைத் தாண்டிக்கொண்டிருந்தது. நீல நிறம் அடித்த நீள மரவள்ளம். அது நிறைய ஆட்கள்.

கத்தினேன். மூன்று பேரும் மேலே ஓடிவந்தார்கள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கானரிக்குப் போக வெளிக்கிட்டு, என்ஜின் நின்று, தீவுகளைத் தவறவிட்டு இழுபட்டுப்போன வள்ளம் என்பது எல்லாருக்கும் உடனே விளங்கியது. அப்படிப் போன வள்ளங்கள் அடுத்த கரையில் என்ன நிலையில் ஒதுங்குகின்றன என்பதும் தெரியும்.

ஹைகே ஜெர்மனில் சொன்னதை எங்கட தமிழிலேயே சொல்கிறேன், உங்களுக்கு விளங்கட்டும்.

"நிக்கிற இடத்தை மீட்பு நிலையத்துக்கு அறிவிப்பம். அவை வருவினம். நாங்கள் எங்கட வழியில போவம்."

"ஓம், கிட்டப் போனா எல்லாரும் எங்கட படகில தொங்குவினம்," என்றார் யென்ஸ். "நாங்களும் தாழுவம். பிறகு ஆட்கடத்தல் எண்டு எங்களையும் பிடிச்சு அடைப்பாங்கள்."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அப்பா. பயந்த மனிதர்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. திரும்புவதென்றால் பாயை இறக்கி, காற்றுக்கும் அலைக்கும் எதிராக என்ஜினில் போக வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் நாங்கள் விலகிக்கொண்டிருந்தோம்.

மறுபடி தொலைநோக்கியால் பார்த்தேன். வள்ளத்தின் விளிம்பில் ஒருவன் எழுந்து நின்றான். சட்டையைக் கழற்றினான். அவன் அதை விசுக்கவில்லை, காலடியில் போட்டான். எங்கள் படகைப் பார்த்து நின்றான்.

அவன் என்ன செய்யப்போகிறான் என்று அந்தப் படகில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் சரவணனுக்கும்.

"என்ர அப்பாவுக்காகக் கப்பல் நிண்டது!" என்று கத்தினேன். ஜெர்மனில். "இப்படித்தான் அவையும் நடுக்கடலில கிடந்தவை. பெரிய கப்பல் ஒண்டு நிண்டது. கப்டன் தண்ணி இறக்கினவர். அந்தக் கப்டன் நிற்காட்டி நான் பிறந்திருக்க மாட்டன், ஹைகே. உங்கட பற்றரியைத் திருத்த ஆளிருந்திருக்காது!"

உங்கள் பொய்யை, பொய் என்று தெரிந்துகொண்டு, உங்களைப் போலவே கையை விரித்துச் சொன்னேன். வெள்ளைத் தொப்பியைக்கூட விடவில்லை.

ஹைகே என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுக்கானைத் திருப்பினார். "பாயை இறக்கு, யென்ஸ்!"

படகின் முகம் திரும்பியதைக் கண்டதும் அந்த மனிதன் உட்கார்ந்தான். அவ்வளவுதான். ஒரு மனிதன் உட்காருவதைப் பார்த்த பிறகுதான் நான் தொலைநோக்கியை இறக்கினேன்.

கிட்டே போனபோது யாரும் கத்தவில்லை, பாயவில்லை. இருபத்தேழு பேர். உப்புப் பூத்த முகங்கள். ஒன்பது நாள் என்று விரல்களால் காட்டினார்கள். கயிற்றில் கட்டித் தண்ணீர்க் கலன்களை மிதக்கவிட்டோம். ஒரு பெண் கலனின் மூடியால் அளந்து அளந்து எல்லாருக்கும் ஊற்றினாள். சட்டையைக் கழற்றியவன் கடைசியாகக் குடித்தான். முடிந்ததும் அந்த மூடியை இறுக்கிப் பூட்டி, கலனை எங்களிடம் திருப்பித் தள்ளிவிட்டான். நடுக்கடலில், ஒன்பது நாள் இழுபட்டுத் தாகத்தில் கிடந்தவன், மூடியைத் தொலைக்காமல் திருப்பித் தருகிறான். அட்லாண்டிக்கில் நான் பார்த்ததில் பெரியது எது என்று கேட்டால், திமிங்கிலம் இரண்டாவதுதான்.

செய்மதித் தொலைபேசியில் அழைத்தபோது மீட்பு நிலையம், "ஏலுமெண்டால் பக்கத்தில நில்லுங்கோ" என்றது. அன்று பகலும் இரவும் வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அலைக்குள் அது மறையும் ஒவ்வொரு தடவையும் எண்ணினேன். மறுநாள் மத்தியானத்துக்கு முன், வழிமாறி வந்த ஒரு சரக்குக் கப்பல் அடிவானத்தில் முளைத்து, வளர்ந்து, இரும்பு மலையாகி, எங்கள் பக்கத்தில் வந்து நின்றது.

நின்றது, அப்பா. கயிறு இறங்கியது. தண்ணீர் இறங்கியது. ஏணி இறங்கியது. நான் எழுதிய ஏழாம் பக்கம் எழுத்துக்கு எழுத்து என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. மேலே விளிம்பில் செம்மஞ்சள் உடுப்போடு வேலையாட்கள் நின்றார்கள். எங்கள் நிறமுள்ளவர்கள், கூலிக்குக் கப்பல் ஏறியவர்கள். கப்டன் மட்டும் தொப்பி போடவில்லை. அரைக்காற்சட்டையோடு நின்று மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார்.

இருபத்தேழு பேரும் ஏறும்வரை வாய்விட்டு எண்ணினேன். எண்ணி முடித்ததும் சரவணன் மெதுவாகக் கேட்டார், "நேத்து நீங்க சொன்னது பொய்தானே?"

"ஓம்."

"நல்லா சொன்னீங்க. எனக்கே புல்லரிச்சிருச்சு."

இருபத்தோராம் நாள் கடலின் மறுகரை, மார்த்தினிக் தீவு. துறைமுகத்தில் எங்களைக் கைதட்டி வரவேற்றார்கள், ரம் தந்தார்கள். கடவுச்சீட்டுப் பதிவு ஒரு கணினியில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அதிகாரி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. சும்மா, ஆசைக்குக் கடல் கடந்தவளுக்குக் கைதட்டல். உயிருக்குக் கடந்தவர்களை எந்த முகாமில் வைத்தார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று நான் எழுதிக் கேட்ட எந்தக் கடிதத்துக்கும் இன்றுவரை பதிலில்லை. அம்மா கேட்ட கேள்வியைத்தான் எல்லா எல்லைகளும் கேட்கின்றன. பதிலைத்தான் தலைகீழாக எடுத்துக்கொள்கின்றன.

அன்று ஹைகேயிடம் உண்மையைச் சொன்னேன். கப்பல் நிற்கவில்லை, மீனவர்கள்தான் என்று.

அவருக்குக் கோபம் வந்தது. "அது இன்னும் நல்ல கதையெல்லோ. ஏன் அதைச் சொல்லேல்லை?"

"அதைச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பீங்களோ?"

ஹைகே எழுந்தார். கட்டிக் கிடந்த படகின் சுக்கானை ஒரு துணியால் துடைக்கத் தொடங்கினார். நீங்கள் ஏன் அந்தக் கதையைச் செய்தீர்கள் என்பது எனக்கு அப்போது பாதி விளங்கியது. நின்ற கப்பலைப் பற்றிக் கேட்டவர்கள்தான் நிற்பார்கள் என்று நினைத்தீர்களா? இல்லை, செல்வம் பாய்ந்ததைச் சொல்ல வாய் வராமல்தான் அந்தக் கப்பலை நிறுத்தினீர்களா? மற்றப் பாதி உங்களோடு எரிந்துபோயிற்று.

பிறகு குலம் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டார். மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"ஒருத்தரும் பாயேல்லையோ?"

"இல்லை மாமா. ஒருத்தன் எழும்பினவன். நாங்கள் திரும்பினவுடன குந்தி இருந்திட்டான்."

"இருந்திட்டானோ?"

"ஓம் மாமா. இருந்திட்டான்."

அவர் அழவில்லை. "சரி பிள்ளை, சாப்பிட்டியோ?" என்று கேட்டார். பிறகு அதையே இன்னொரு தடவை கேட்டார்.

இன்று உங்கள் ஆட்டைத் திவசம், வருசம் திரும்பிவிட்டது. அதே மண்டபம், அதே வடை. இந்தக் கடிதத்தை ஏழாம் பக்கத்தின் அளவுக்கு மடிக்கக்கூடியதாக அச்சடித்து, கல்வெட்டு வாங்கிய இருநூறு பேருக்கும் கொடுக்கிறோம். அவர்கள் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும். ஏழாம் பக்கத்தை நான் கிழிக்கச் சொல்லவில்லை, அந்தப் பொய்க்கு நானும் இருபத்தேழு பேரும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் பொய்க்குப் பக்கத்தில் உண்மையும் இருக்கட்டும்: ஏறியவர் பதினொருவர், இறங்கியவர் பத்துப் பேர், இறங்காதவர் செல்வம், காப்பாற்றியவர்கள் நாகப்பட்டினத்து மீனவர்கள். இனி இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் செல்வம் மாமாவை வள்ளத்தில் ஏற்றாமல் தொடங்க மாட்டேன். நீங்கள் சாரத்தைக் கழற்றியதையும் மறைக்க மாட்டேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அப்பா. வெட்கப்பட வேண்டியவர்கள் உடுத்தியிருந்தவர்கள்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. கப்பலின் மேலிருந்து பார்த்தால் ஒரு வள்ளம் எவ்வளவு சின்னது என்று எனக்கு இப்போது தெரியும். நானே பறவை என்று நினைத்தவள். ஆனால் உங்கள் கப்பல் கறள் தெரியக் கிட்டே வந்தது. செம்மஞ்சள் உடுப்புக்காரன் விளிம்பில் நின்றான். பிறகு உள்ளே போனான். யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லத்தான் போனானா, சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டானா? அல்லது உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாமல் போனானா? குலம் மாமா அவன் முகத்தைக் கவனிக்கவில்லை, தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றவர். கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றது நீங்கள் ஒருவர்தான்.

அந்தச் செம்மஞ்சள் உடுப்புக்காரன்ர முகம் எப்படி இருந்தது? சொல்லுங்கோ அப்பா.

உங்கள் மூத்த மகள்,
நிரோஜா